சக்கரைத் தடுமாற்றமா, மறதியா?

மாப்ள,

இன்றைக்குக் காலையில் நம் தோட்டத்தில் வெட்டு. பந்தலுக்கு அடியில் நுழைந்ததுமே பழுத்த திராட்சை வாசம் குப்பென்று மூக்கில் ஏறியது. நீ கண்ணை மூடின பிறகு நடக்கிற முதல் வெட்டு இது. வியாபாரி பெட்டிகளை அடுக்கிக்கொண்டே, "ஒங்க மாப்பிள்ளை பங்குப் பெட்டியில இனி அவுக வீட்டம்மா பேரைத்தான எழுதணும்? பேரு என்னண்ணே?" என்றார். வாயைத் திறந்தேன். பெயர் வரவில்லை. உன் பெண்டாட்டி பெயர், என் கூடப் பிறந்த தங்கச்சி பெயர். தொட்டிலில் போட்டு ஆட்டினவன் நான். "அப்புறம் சொல்றேன்யா" என்று சமாளித்துவிட்டு மோட்டார் ரூம் நிழலில் போய் உட்கார்ந்துவிட்டேன்.

எனக்கும் சக்கரை இருக்கிறது, உனக்குத் தெரியும். சக்கரை இறங்கியதால் வந்த தடுமாற்றமா, இல்லை உன்னைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொண்டு போன அந்த மறதி எனக்கும் வந்துவிட்டதா? ஒன்றும் விளங்கவில்லை. பயமாக இருக்கிறது, மாப்ள. கூடப் படித்தவன், என் தங்கச்சியைக் கட்டினவன், ஒன்றாகத் தோட்டம் போட்டவன். உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்ல?

கொத்தின் நுனியில் இருக்கிற பழம்தான் கடைசியில் இனிக்கும், அது இனித்தால் வெட்டலாம். ஓடைப்பட்டியில் பாதித் தோட்டத்துக்கு உன் நாக்குதான் நாள் குறித்தது. சக்கரை வந்த பிறகும் நீ அதை விடவில்லை. "மென்னுட்டுத் துப்பிருறேன்ல மச்சான், அப்புறம் எப்படி ஏறும்?" என்பாய். துப்பினாயோ முழுங்கினாயோ, அந்தக் கொடிகளுக்குத்தான் வெளிச்சம். அதோடு விட்டாயா? வெட்டு நாளில் சக்கரை மாத்திரையில் ஒன்றைக் கூடுதலாகப் போட்டுக்கொள்வாய். மென்ற பழத்துக்கு ஈடாம். எந்த டாக்டரும் சொல்லாத வைத்தியம். அன்றைக்கென்று பழத்தை ஒழுங்காகத் துப்பியிருந்தால் போச்சு, சக்கரை சர்ரென்று இறங்கிவிடும். வேர்த்து ஊற்றும், கை நடுங்கும், பேச்சுக் குளறும். என்னையே பார்த்து "யாருய்யா நீ?" என்பாய். நாலு பழத்தை வாயில் திணிப்போம். கொஞ்ச நேரத்தில் தெளிந்து, "என்ன மச்சான், பேயறஞ்ச மாதிரி நிக்கிற?" என்று கிண்டல் வேறு.

அதுதான் எங்களுக்கு வினையாகிவிட்டது. நீ தடுமாறினால் சக்கரை இறங்கிவிட்டது, பழம் கொடு என்று மனசு பழகிப்போனது. கடமலைக்குண்டு கல்யாணத்துக்குப் போய்த் திரும்பும்போது நடுரோட்டில் வண்டியை நிறுத்தி, வீட்டுக்கு எந்தப் பக்கம் போகணும் என்று கேட்டாய். தங்கச்சி பையிலிருந்து மிட்டாய் எடுத்துக் கொடுத்தாள். தின்றாய். பிறகும் கேட்டாய். வேர்க்கவில்லை, நடுங்கவில்லை, அதை யாரும் கவனிக்கவில்லை. அடுத்த வெட்டில் புளித்துக் கிடந்த பழத்தை மென்று, "நல்லா இனிக்குது, வெட்டுங்கப்பா" என்றாய். வியாபாரி என் முகத்தைப் பார்த்தார். அதற்கும் சீனித் தண்ணிதான் கரைத்துக் கொடுத்தோம். கடைசியில் தங்கச்சிதான் சந்தேகப்பட்டு உன் விரலில் ஊசி குத்தி மெஷினில் பார்த்தாள். சக்கரை எங்கேயோ ஏறிக் கிடந்தது.

தேனியில் அந்த டாக்டரம்மா பொறுமையாகத்தான் சொன்னாக. சக்கரையும் பிரஷரும் வயிற்றுச் சதையும் வருஷக்கணக்கில் கட்டுக்குள் இல்லாவிட்டால் மூளைக்குப் போகிற சின்னச் சின்ன ரத்தக்குழாய்கள் கெடும், ரத்தத்தில் சக்கரை நிறைய ஓடினாலும் மூளை அதை எடுத்துக்கொள்ளத் திணறும் என்றாக. வாய்க்கால் நிறையத் தண்ணீர், மடை அடைத்து வயல் காய்கிறது என்று நான் விளங்கிக்கொண்டேன். அடிக்கடி ரொம்ப இறங்கினாலும் மூளைக்குக் கெடுதல்தானாம். "அப்ப இவனுக்கு இதனாலதானாம்மா?" என்றேன். "அப்படி அடிச்சுச் சொல்ல முடியாதுங்கய்யா. சக்கரையே இல்லாதவங்களுக்கும் இந்த மறதி வருது. சக்கரை உள்ள எல்லாருக்கும் வர்றதும் இல்ல" என்றாக. ஏறினாலும் கெடுதல், இறங்கினாலும் கெடுதல், ஆனால் இதுதான் காரணம் என்றும் சொல்ல முடியாது. வீடு வந்து சேரும் வரைக்கும் நீ ஜன்னல் வழியாக மலையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு வந்தாய்.

கடைசி மாதங்களில் உனக்கு யாரையும் தெரியவில்லை. ஒருநாள் உன் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து என்ன பேசுவதென்று தெரியாமல் முழித்துக்கொண்டிருந்தேன். என்னையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இந்தாளுக்குச் சக்கரை எறங்கிருச்சு போல. ரெண்டு பழம் குடுங்கத்தா" என்றாய். தங்கச்சி சிரித்துவிட்டு அடுப்படிக்குள் போய் அழுதாள்.

வெட்டு முடிந்து வீட்டுக்கு வந்ததும் மெஷினை எடுத்தேன். சாமி, குறைந்திருக்கணும் என்று வேண்டிக்கொண்டுதான் குத்தினேன். சக்கரை குறையணும் என்று ஆசைப்பட்டுக் குத்தினவன் இந்தப் பள்ளத்தாக்கிலேயே நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன். குறைந்திருந்தால் நாலு பழத்தோடு போய்விடும். நூற்றுப் பதினெட்டு காட்டியது. டாக்டரம்மா பார்த்தால் சபாஷ் என்பாக. நான் இன்னொரு விரலில் குத்திப் பார்த்தேன், அதேதான்.

வயசானால் ஒரு பெயர் மறப்பது சகஜம், ஊரில் யாருக்கு இல்லை? மனசு ஒரு பக்கம் இப்படிச் சொல்கிறது. உனக்கும் இப்படித்தானே சொன்னோம் என்கிறது இன்னொரு பக்கம். எதை நம்புவது?

வீட்டுக்காரி சோறு போட வந்தாள். "ஏத்தா, என் தங்கச்சி பேரு என்ன?" என்று கேட்டேன். "ஒங்க குலசாமி பேரைத்தான வச்சிருக்கு, அதையே மறந்துட்டீகளாக்கும்" என்று சிரித்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். கரண்டியைச் சட்டிக்குள் வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். "நாளைக்குத் தேனிக்குப் போவோம். நானும் வாரேன்" என்றவள், பெயரை மெதுவாக, பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பது போலச் சொன்னாள். கேட்டதும் இதுதான், இதேதான் என்று இருந்தது. ஆனால் அது இருந்த இடம் எதுவென்று இன்னும் எனக்குத் தெரியவில்லை. கைகூடக் கழுவாமல் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

பேச்சியம்மா. உன் பெண்டாட்டி பெயர் பேச்சியம்மா, மாப்ள.