சவுக்கு என்று கூப்பிட்ட ஊர்

அன்பு மகன் நெல்ஃபிக்கு,

கடவுள் உன்னை ஆசீர்வதிக்கட்டும். முறைப்படி நீ முதலில் "ஆசி கொடுங்கம்மா" என்று கேட்க வேண்டும், நான் பிறகு சொல்ல வேண்டும். நீ கேட்டு நாளாகிவிட்டது. அதனால் கேட்காமலே கொடுத்துவிட்டேன், வைத்துக்கொள்.

போனில் பேசாமல் ஏன் கடிதம் என்று நினைப்பாய். போனில் நீ "நல்லா இருக்கேம்மா, அப்புறம் கூப்பிடறேன்" என்பதற்கு மேல் பேசுவதில்லை. நான் பேசினாலோ, என்னிடம் முடி செய்துகொள்ள வந்து தலையில் ரோலர் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பெண்கள் எல்லோரும் உலர்த்தும் மெஷினுக்குள்ளிருந்து தலையை வெளியே நீட்டுகிறார்கள். உன் பெரியம்மா மகள் யாஃப்ரேசி நீ இருக்கும் ஃபுளோரிடாவுக்குச் சில வார வேலைக்கு வருகிறாள். அவள் கையில் இதைக் கொடுத்து அனுப்புகிறேன். அவளுக்கும் ஒன்றும் தெரியாது. ஒட்டித்தான் கொடுக்கிறேன்.

இங்கே எல்லோரும் நலம். கூரையில் ஒழுகிய இடத்தை உன் அப்பா தகரம் வைத்து அடைத்துவிட்டார். இப்போது பக்கத்து அறையில் ஒழுகுகிறது. தவக்காலம் அல்லவா, இனிப்பு பீன்ஸ் பாயசம் காய்ச்சினேன். தேங்காய்ப் பால் நன்றாகக் கூடி வந்தது. வழக்கம்போலத் தெருவில் எல்லா வீட்டுக்கும் கிண்ணத்தில் ஊற்றி அனுப்பினேன். எதிர்வீட்டு செலஸ்தே கிண்ணத்தைக் கழுவித் துடைத்துத் திருப்பி அனுப்பினாள். உள்ளே ஒன்றும் இல்லை. எனக்குக் கல்யாணமாகி இந்தத் தெருவுக்கு வந்ததிலிருந்து அவள் வீட்டிலிருந்து வெறும் கிண்ணம் வந்ததில்லை.

அவள் பேரனுக்கு ஞானஸ்நானம் நடந்தது. பிறந்தபோது நெல்ஃபி என்று பெயர் வைக்கப்போவதாகச் சொல்லி, உன்னிடம் தூக்கிக்கொண்டு வந்து படம் எடுத்தார்களே, அந்தக் குழந்தைதான். இப்போது அவன் பெயர் ராய்னியல். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

நவம்பர் மாதத்தை நினைத்துப் பார்க்கிறேன். நம் ஊர் பேஸ்பால் அணியான நண்டு அணியின் சிவப்புத் தொப்பியைப் போட்டுக்கொண்டு நீ மைதானத்துக்குள் நடந்து வந்தால், இந்த ஊரில் யாருக்கும் வேறு பிள்ளைகள் இல்லாத மாதிரி இருந்தது. நீ பந்து எறியக் கை வீசும் வேகத்தைப் பார்த்து அவர்கள்தான் உனக்குச் சவுக்கு என்று பெயர் வைத்தார்கள். செலஸ்தே தினமும் மசித்த வாழைக்காயும் பொரித்த சீஸும் கொண்டு வந்து, "புள்ளைக்கு ஒழுங்கா சோறு போடறியா ஒனெய்டா? எலும்பு தெரியுது பாரு" என்று என்னையே திட்டுவாள். பெட்டிக்கடை செஞ்சோ, ரம் பாட்டில்களுக்கு மேலே கன்னி மாதா படத்துக்குப் பக்கத்தில் உன் படத்தை மாட்டினான். உன் அப்பா மினிபஸ்ஸின் பின்கண்ணாடியில் பெரிய எழுத்தில் 'சவுக்கின் தகப்பன்' என்று எழுதினார். அந்த பஸ்ஸில் ஏறுவதற்காகவே ஜனங்கள் மற்ற பஸ்களை விட்டுவிட்டு நின்றார்கள். மனிதர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு கவர்னர் மாதிரி போவார். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது, இல்லையென்று சொல்லவில்லை.

அந்த அரையிறுதி ஆட்டத்தைப் பற்றி நாம் பேசவே இல்லை. இப்போது எழுதுகிறேன், நீ படித்தால் போதும். ஞாயிற்றுக்கிழமை பகல் ஆட்டம். நான் மூன்றாம் பேஸ் பக்கம் உட்கார்ந்திருந்தேன். ஏழாவது இன்னிங்ஸ் முடிந்து நீ திரும்பி நடக்கும்போது வலது கையை முதுகுக்குப் பின்னால் மறைத்து உதறினாய். யாரும் பார்க்கவில்லை. எனக்குத் தெரிந்தது. குழந்தையில் கீழே விழுந்துவிட்டு அழாமல் வரும்போதும் நீ அப்படித்தான் மறைப்பாய். பயிற்சியாளர் வேறு ஆளை இறக்கப் போனார். உடனே ஸ்டேடியமே எழுந்து நின்று கத்தியது. "சவுக்கு! சவுக்கு!" என்று தகர டப்பாக்களைத் தட்டினார்கள். பயிற்சியாளரின் தாயாரைப் பற்றியும் பாடினார்கள். அவர் உன் முகத்தைப் பார்த்தார், நீ கூட்டத்தைப் பார்த்தாய், நானே எறிகிறேன் என்று தலையை ஆட்டினாய். செலஸ்தே என் தோளைப் பிடித்து உலுக்கி, "பாத்தியா, நமக்காக வர்றான்டி, நமக்காக!" என்று அழுதாள்.

ஆமாம், அவர்களுக்காகத்தான் மறுபடி எறியப் போனாய்.

மறுநாள் காலை காப்பிக் கோப்பையை உன்னால் தூக்க முடியவில்லை. முழங்கை பூசணிக்காய் போல வீங்கியிருந்தது. "யார்கிட்டயும் சொல்லாதீங்கம்மா. அப்பாகிட்ட வேண்டவே வேண்டாம், அவர் வாயில நிக்காது. வடக்க ஃபுளோரிடா கிளப்புக்குத் தெரிஞ்சா என்னைக் கழட்டி விட்டுருவாங்க. வசந்த கால முகாமுக்குள்ள சரியாயிரும்" என்று சொன்னாய். உனக்கு டாலரில் சம்பளம் கொடுக்கும் வடக்கத்தி கிளப் உன்னை இறுதிப் போட்டியில் விளையாட வேண்டாமென்று தடுத்துவிட்டதாக ரேடியோக்காரர்களிடம் நீயே சொல்லிவிட்டு விமானம் ஏறினாய். நான் ஐஸ் கட்டிகளைத் துணியில் கட்டிக் கொடுத்து அனுப்பினேன், வேறென்ன செய்ய?

இறுதிப் போட்டியில் தலைநகர் அணி நம்மை வென்றது உனக்குத் தெரியும். அதற்குப் பிறகு இங்கே நடந்ததை நீ தெரிந்துகொள்ள வேண்டாமென்று இத்தனை நாள் இருந்தேன். ஆனால் யாஃப்ரேசி அங்கே வந்து பாதி சொல்வாள், பாதியைக் கூட்டிச் சொல்வாள். என் வாயாலேயே கேட்டுக்கொள்.

டாலருக்காக நீ இறுதிப் போட்டியை விட்டு ஓடிவிட்டாய் என்று நம் வாசல் கதவில் முட்டை அடித்தார்கள். செஞ்சோ உன் படத்தைக் கழற்றினான். கிழித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அதைத் திருப்பிப் போட்டு, பின்பக்கத்தில் பியர் விலை எழுதி மறுபடி மாட்டினான். அப்பா பஸ்ஸில் ஏறுகிறவர்கள், "என்ன எலிஹியோ, டிக்கெட்டுக்கு டாலர்தான் வாங்குவியா?" என்பார்கள். அவர் முதலில் சண்டை போட்டார். ஒருவனைச் சட்டையைப் பிடித்து நடுரோட்டில் இறக்கிவிட்டார். பிறகு ஜனம் ஏறுவதே நின்றது. ஒரு நாள் மத்தியானம் வெளியே கீச் கீச் என்று சத்தம். போய்ப் பார்த்தால், பின்கண்ணாடியில் அந்த எழுத்தை பிளேடால் சுரண்டிக்கொண்டிருந்தார். "வெயில்ல பெயின்ட் உரிஞ்சு போச்சு" என்றார், நான் கேட்காமலே.

என்னிடம் தலைமுடி செய்துகொள்ள வருவதை மட்டும் பெண்கள் நிறுத்தவில்லை. இந்தத் தெருவில் என்னைப்போல முடியை நேராக்குகிறவள் வேறு யாருமில்லை. வந்து உட்கார்ந்து, என் கைக்குள்ளேயே தலையை வைத்துக்கொண்டு பேசுவார்கள். செலஸ்தே ஒருநாள், "நான் பெத்த புள்ளையா இருந்தா காலை ஒடிச்சி உக்கார வெச்சிருப்பேன். ஊரு ஊட்டி வளத்துச்சு, ஒரு ஆட்டம் ஆட முடியலயாம் தொரைக்கு" என்றாள். என் கையில் சூடான இரும்புச் சீப்பு இருந்தது. ஒரே ஒரு வாக்கியம் போதும், நெல்ஃபி. 'நீங்க கத்தினதாலதான் அவன் கை போச்சு' என்று சொன்னால் அவள் வாய் அடைத்திருக்கும். நாக்கைக் கடித்துக்கொண்டு, அவள் முடியை வேருக்கு வேர் நேராக்கி அனுப்பினேன். போகும்போது கண்ணாடியில் பார்த்து, "உன் கை கைதான்" என்று பாராட்டினாள்.

அதையெல்லாம் தாங்கினேன். உன் அப்பாவைத்தான் தாங்க முடியவில்லை. ஊரோடு ஒத்துப்போக வேண்டுமென்று அவருக்கு வந்துவிட்டது. பூங்காவில் அணிக்காக ஒரு கூட்டம் நடந்தபோது, உன்னைப் பற்றி அவர்கள் கட்டிய ஒரு கேவலமான பாட்டைப் பாடினார்களாம். உன் அப்பாவும் கை தட்டிச் சேர்ந்து பாடினாராம். இதையும் செலஸ்தேதான் சொன்னாள், "பாவம், நல்ல மனுஷன்" என்று சேர்த்துச் சொன்னாள். அடுத்த ஞாயிறு காலையில் பூசை முடிந்து வந்து சாப்பிட உட்கார்ந்தோம். அவர் தட்டைப் பார்த்தபடி, "நான் பெத்தது புள்ளையில்ல ஒனெய்டா, டாலரைப் பெத்திருக்கேன்" என்றார்.

அதனால் சொல்லிவிட்டேன். உனக்குக் கொடுத்த வாக்கை மீறிவிட்டேன். அதற்கு மன்னிப்புக் கேட்கப்போவதில்லை.

அவர் முதலில் கேட்டது என்ன தெரியுமா? "எந்தக் கை?" உனக்கு எறிகிற கை எது என்று இந்த நாட்டில் தெரியாத ஆள் இருக்கிறானா? "எந்தக் கை, எந்தக் கை" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். பிறகு எழுந்து பஸ் சாவியை எடுத்தார். செஞ்சோ கடைக்குப் போய் ஒவ்வொருவன் சட்டையையும் பிடித்து உண்மையைச் சொல்லப் போகிறாராம். நான் கதவில் சாய்ந்து நின்றுகொண்டேன். "போய்ச் சொல்லுங்க. இன்னிக்கு செஞ்சோ கடையில சொன்னா நாளைக்கு ஃபுளோரிடாவுல இருக்கும். உங்க புள்ளை பேரு நிமிந்துரும், அவன் பொழப்பு படுத்துரும். எது வேணும் சொல்லுங்க" என்றேன். சாவியை மேசைமேல் வைத்தார். நாற்காலியில் உட்காராமல் தரையில் உட்கார்ந்தார். "நானும் பாடினேனே" என்றார். சோறு ஆறிப்போயிற்று.

இப்போது அவர் மாலையில் டோமினோ ஆடச் செஞ்சோ கடைக்குப் போகிறார். போகாமலிருந்தால் ஏன் என்று கேட்பார்கள். அங்கே உன்னைப் பற்றிக் கேலி பேசுகிறார்கள், அவரும் சிரிக்கிறார். திடீரென்று சிரிப்பதை நிறுத்தினால் ஏதோ இருக்கிறது என்று மோப்பம் பிடித்துவிடுவார்களே. சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்து குளியலறைத் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு உள்ளேயே நிற்கிறார். நாற்பது வருஷமாக ரகசியம் என்றால் என்னவென்றே தெரியாத மனிதர், உனக்காகக் கற்றுக்கொண்டார். அவர் வாயில் நிற்காது என்று நாம் இருவரும் தப்பாக நினைத்துவிட்டோம்.

ராய்னியல் என்ற பெயர் ஏன் என்று சொல்கிறேன் என்றேனே. இறுதிப் போட்டியில் உன் இடத்தில் இறக்கினார்களே, அந்தப் பையன்தான். பதினெட்டு வயது. தோற்றாலும் நன்றாக எறிந்தான், பொய் சொல்லக் கூடாது. இப்போது அவன்தான் எல்லாம். வெறும் பயிற்சிக்கு வந்தால்கூட வேலி ஓரமாக ஜனம் நிற்கிறது. செலஸ்தேயின் வாழைக்காய்த் தட்டு இப்போது அந்த வீட்டுக்குப் போகிறது. அவன் அம்மா யுபேல்கிஸ் போன வாரம் என்னிடம் முடி செய்துகொள்ள வந்தாள். எளிய பெண், கடற்கரையில் மீன் பொரித்து விற்கிறவள். நாற்காலியில் நுனியில் உட்கார்ந்துகொண்டு, "அக்கா, ஒண்ணு கேட்டா தப்பா நினைக்க மாட்டீங்களே? ஊரே எம் புள்ளைய தூக்கி வெச்சிக் கொண்டாடுது, எனக்கு என்னமோ பயமா இருக்கு. உங்களுக்கும் அப்படித்தான் இருந்துச்சா?" என்று கேட்டாள்.

அவள் தலையைத் துவட்டிக்கொண்டே யோசித்தேன். எல்லாவற்றையும் சொல்ல முடியாது. "ஆட்டம் முடிஞ்சி வந்ததும் அவன் கையைத் தொட்டுப் பாரு. நல்லா இருக்குன்னு சொன்னாலும் நம்பாத. இவங்க கத்தினா காதைப் பொத்திக்கச் சொல்லு" என்றேன். அவள் முகம் மாறிவிட்டது. என் பொறாமை என்று நினைத்தாள். ஈர முடியோடு எழுந்து, மேசையில் காசை வைத்துவிட்டுப் போய்விட்டாள். மறுநாளே தெரு முழுவதும் பரவிவிட்டது, ஒனெய்டா அந்தப் பையன் கைமேல் கண் வைத்துவிட்டாளாம். இப்போது அவன் மணிக்கட்டில் கண்ணேறுக்குச் சிவப்புக் கயிறு கட்டியிருக்கிறார்கள். என் கண்ணுக்காகத்தான்.

அவர்களை நான் வெறுக்கிறேனா என்று என்னையே கேட்டுக்கொள்கிறேன். அவர்கள் உன்மேல் வைத்த அன்பு பொய்யில்லை, அதுதான் கசக்கிறது. பொய்யாக இருந்திருந்தால் துப்பிவிட்டுப் போயிருப்பேன். செலஸ்தே அன்று அழுதது நிஜமான கண்ணீர், என் தோள் நனைந்தது.

இப்போது உன் சேதிக்கு வருகிறேன். முகாம் ஆட்டங்களை ரேடியோவில் சொல்கிறார்கள். அப்பா ரேடியோவை மடியில் வைத்துக்கொண்டு காதைச் சாய்த்திருக்கிறார். எறிகிறவர்கள் பெயரை வரிசையாகப் படிக்கிறார்கள். உன் பெயர் இதுவரை வரவில்லை. "நல்ல ஆளுங்களைக் கடைசியாத்தான் எறக்குவாங்க" என்று அவர் என்னிடம் சொல்கிறார். "ஆமாம், அப்படித்தான்" என்று நானும் சொல்கிறேன். ரேடியோவை அணைத்த பிறகும் இரண்டு பேரும் எழுந்திருப்பதில்லை.

நீ விளையாடுவாயா மாட்டாயா என்று நான் கேட்கவில்லை, மகனே. டாக்டர் என்ன சொன்னார் என்றும் கேட்கவில்லை. நான் கேட்பது சின்ன விஷயங்கள். சட்டைப் பொத்தானை நீயே போடுகிறாயா? தலை வாரும்போது கை மேலே வருகிறதா? ராத்திரி வலிக்கிறதா? அப்பாவுக்கு ஒருமுறை போன் செய். ஆட்டத்தைப் பற்றிப் பேச வேண்டாம், பஸ் எப்படி ஓடுகிறது என்று கேள். பொய்யாக நல்லா ஓடுது என்பார், நம்பிவிடு.

ஊர் என்ன சொல்லும் என்று பயந்து அங்கேயே எங்காவது ஒளிந்துகொண்டிருக்காதே. எப்படி இருந்தாலும் வா, இந்த வீட்டில் உன்னைச் சவுக்கு என்று யாரும் கூப்பிட்டதில்லை.

பதிலை யாஃப்ரேசியிடம் கொடுத்தனுப்பு. வலது கையால் எழுத முடியவில்லை என்றால் இடது கையால் எழுது. எழுத்து எவ்வளவு கோணலாக இருந்தாலும் நான் படித்துக்கொள்வேன்.

உன் அம்மா,
ஒனெய்டா