புங்க மரத்தடியில் அவருக்கு ஓர் இடம்

மார்ச் 9, ஞாயிறு

தியானத்தில் எனக்கு நம்பிக்கை கிடையாது. ஆனாலும் என் வீட்டுக்காரருடைய ரத்த அழுத்தத்துக்கு தினமும் அரை மணி நேரம் அமைதியாக உட்காரச் சொன்னார் டாக்டர். அதனால் ரோஜாத் தோட்டத்தின் கோடியில், புங்க மரத்தடியில், நானே ஓர் இடம் அமைத்தேன். சிமெண்ட் இல்லை. வேரை வெட்டாமல், அது இடம் விட்ட பக்கத்தில் ஒரு கருங்கல் பலகை, சாலைப் பக்கம் மூங்கில் தட்டி. ஹைவே லாரிச் சத்தம்கூட அங்கே வராது.

இன்று காலை முதல்முறையாக உட்கார்ந்தார். ஐந்தே நிமிடத்தில் வியர்த்துப்போய்த் திரும்பி வந்தார்.

"முடியலம்மா. ஒரு சத்தமும் இல்ல. எங்கியோ மெஷின் லைன் நின்னுபோச்சு, என்னைத் தேடறாங்கன்னே தோணுது."

"ரிட்டயர் ஆகி எட்டு மாசம் ஆச்சுங்க. யாரும் தேடல."

"தெரியுது. ஆனா காலு தானா எந்திரிச்சுடுதே."

முப்பது வருடம் கம்பெனியில் மெயின்டனன்ஸ் பார்த்தவர். மெஷின் சத்தம் நின்றால் ஓடுவதுதான் வேலை. இது எனக்குத் தோன்றவே இல்லை. நான் அமைத்தது எனக்குப் பிடித்த அமைதி.

மறுபடி கூட்டிப்போய் உட்கார வைத்தேன். தண்ணீரைத் தொட்டிக்குத் திருப்பிவிட்டு, போர்வெல் மோட்டாரைப் போட்டேன். கண்ணை மூடினார். நெற்றிச் சுருக்கம் மெல்லத் தளர்ந்தது. வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அரை மணி நேரம் கழித்து மோட்டாரை நிறுத்தினேன். அந்த நொடியே எழுந்து நின்றுவிட்டார்.

"என்னாச்சு?"

"ஒண்ணுமில்லீங்க. இட்லி ஆறுது, வாங்க."

நாளைக்கு முதலில் போய் அவர் தோளைத் தொட வேண்டும். அப்புறம்தான் சுவிட்ச்.