ஜோடியாக உட்கார்ந்த தூசு

மார்ச் 4

காலையில் ஈக்களுக்குப் புட்டி மாற்றினேன். பாதி தப்பித்து முகத்தைச் சுற்றி வந்தன. விரட்டக்கூடத் தெம்பில்லை. இந்தப் பழ ஈக்களோடு பன்னிரண்டு வருஷமாகக் குடும்பம் நடத்துகிறேன். சொந்தக் குடும்பம் வேறு ஊரில் நடக்கிறது. வீட்டுக்காரர் வேலை மாறி அங்கே போனதிலிருந்து போனில் ஒரே கேள்வி, நீ எப்போது வருகிறாய் என்று.

என் ஆராய்ச்சிக் கட்டுரை வெளியானால் எனக்கு இந்த ஆய்வுக்கூடத்தில் வேலை நிரந்தரம். இல்லையென்றால் மே மாதத்தோடு சரி. என்னவென்று பதில் சொல்வது?

மார்ச் 9

அப்படி என்னதான் ஈயில் பார்க்கிறாய் என்று நாத்தனார் கேட்டாள். ஈயின் குரோமோசோம்களில் ஒன்று வெறும் புள்ளி மாதிரி இருக்கும் என்றேன். எத்தனையோ காலத்துக்கு முன்பு ஆணா பெண்ணா என்று தீர்மானித்த பெரும்புள்ளி அது. பதவி போய், சுருங்கி, இறுகிக் கிடக்கிறது. அவ்வளவு இறுக்கத்தில் மரபணுக்கள் வாயே திறக்கக் கூடாது. இதில் இருப்பவையோ தம் பாட்டுக்கு வேலை செய்கின்றன. ஆனால் நான் வளர்க்கும் ஈ இனத்தில் அந்தப் புள்ளியையே காணோம். பெரிய குரோமோசோம் ஒன்றோடு ஒட்டிக்கொண்டுவிட்டது என்பதுதான் என் கட்டுரை.

"பதவி போனவங்க பெரிய இடமா பாத்து ஒட்டிக்கிறது வழக்கம்தானே அண்ணி" என்றாள். சிரித்தேன். சிரித்து ரொம்ப நாளாயிற்று.

மார்ச் 15

தலைவலி. புட்டி கழுவியதைத் தவிர ஒன்றும் செய்யவில்லை.

மார்ச் 21

கட்டுரையைப் போடும் ஆய்விதழிலிருந்து, மைக்ராஸ்கோப்பில் எடுத்த குரோமோசோம் படங்களை, கம்ப்யூட்டரில் சுத்தம் செய்வதற்கு முன்பு இருந்தபடியே கேட்டிருக்கிறார்கள். இங்கே கம்ப்யூட்டர் பார்க்கும் பையனிடம் வாங்கித் திறந்தேன். முதல் படத்தின் நடுவில் இரண்டு தூசு. அடுத்ததிலும் இரண்டு. வேறு ஈ, வேறு கண்ணாடித் தகடு, அதிலும் இரண்டு.

தூசு எங்காவது ஜோடியாக உட்காருமா? குரோமோசோம்தான் ஜோடி ஜோடியாக இருக்கும்.

சின்னதாக எது தெரிந்தாலும் தூசு என்று அழித்துவிடும்படி கம்ப்யூட்டருக்குச் சொல்லிவைத்தது யார்? நான்தான். என் புள்ளியை நானே பெருக்கித் தள்ளிவிட்டு, காணோம், ஒட்டிக்கொண்டுவிட்டது என்று கதை கட்டியிருக்கிறேன். ஐயோ, என்ன புத்தி எனக்கு. இத்தனை வருஷம் எதைப் பாத்துக்கிட்டு இருந்தேன்?

மார்ச் 22

சில படங்களில் புள்ளி பெரிய குரோமோசோமுக்கு அடியில் மறைந்திருக்கிறது. அவற்றை மட்டும் அனுப்பினால் யாருக்குத் தெரியப்போகிறது? பொறுக்கிக்கொண்டே இருந்தேன். நாலைந்து தேறின.

மார்ச் 24

பொறுக்கிய படங்களை அனுப்பவில்லை. ஆய்வு நிலைய இயக்குநரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"கொஞ்சம் பொறுத்துச் சொல்லியிருக்கலாமேம்மா."

"எதுவரைக்கும் சார்?"

"உங்க வேலை நிரந்தரமாகற வரைக்கும்."

நல்ல மனதோடுதான் சொன்னார். அதனால் கோபப்படவும் முடியவில்லை. கட்டுரையைத் திரும்பப் பெற்றாயிற்று.

வீட்டுக்காரர் போனில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பெட்டி கட்ட நான் வருகிறேன் என்றார். குரலில் சந்தோஷம் தெரிந்தது. அது தெரிந்துவிடக் கூடாதென்று அவர் பட்ட பாடும் தெரிந்தது.

ஏப்ரல் 17

ஈ, புட்டி, ஈ, புட்டி.

மே 29

கடைசி நாள். அட்டைப்பெட்டிகளுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்த வீட்டுக்காரர், ஒரு தடவை நானும் பார்க்கட்டுமா என்று கேட்டார். இத்தனை வருஷத்தில் கேட்டதே இல்லை. மைக்ராஸ்கோப்பில் தகட்டை வைத்துக் கொடுத்தேன்.

குச்சி குச்சியாக என்னவோ இருக்கிறது, நடுவில் தூசு விழுந்திருக்கிறது என்றார். நான் தடுப்பதற்குள் கைக்குட்டையால் லென்ஸைத் துடைத்துவிட்டு மறுபடி குனிந்தார்.

"தொடச்சும் போகலயே."

எனக்கு அழுகை வந்துவிட்டது.

"அது போகாதுங்க. நான்தான் போறேன்."