ஃபேன் போட்டால் பறக்கும் பனி

நீ நல்ல தூக்கம், எழுப்ப மனசு வரவில்லை. சமைத்து மூடி வைத்திருக்கிறேன், உப்பு கொஞ்சம் தூக்கல். கேட் சாவி ஃபிரிட்ஜ் மேல். மத்தியானம் உன் அண்ணன் வருவார்.

நேற்று நம் வீட்டுக்கு வந்த என் பட்டறை ஆட்கள் வேர்த்து வழிகிறார்களே என்று ஃபேனைப் போட்டது நான்தான். ஜன்னலில் பனியென்று ஒட்டிய பஞ்செல்லாம் பறந்து அவர்கள் காபியில் விழுந்தது. "இந்த வெயில்ல பனியாடா?" என்று சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்து, "எல்லாம் இவ வேலை, சொன்னா கேட்டாத்தானே" என்றேன்.

நம் முதல் வீடு, முதல் கிறிஸ்துமஸ், பனி இல்லாமல் எப்படி என்று ஒற்றைக் காலில் நின்றவன் நான். பஞ்சு பறக்குமென்று ஃபேனை நிறுத்திவிட்டு, வேர்க்க விறுவிறுக்க ஒட்டியவள் நீ. அத்தனை பேர் முன்னால் என்னைக் காட்டிக்கொடுக்காமல் மறுபடி காபி போட்டுக் கொடுத்தாயே! உண்மையைச் சொன்னால், உன் முகத்தைப் பார்க்க வெட்கப்பட்டுத்தான் எழுப்பவில்லை.

எல்லாவற்றையும் பசை தடவி ஒட்டிவிட்டேன். கோணல்மாணல்தான். ஆனால் ஃபேனைத் தாராளமாகப் போடு.

பனி யார் யோசனை என்று அண்ணன் கேட்டால் என் பேரைச் சொல். வேண்டாம், நான் வரும்வரை அவரை இருக்கச் சொல், நானே சொல்கிறேன்.

இடமில்லை, ஓரத்தில் எழுதுகிறேன்: சட்டையெல்லாம் பஞ்சு. தட்டிவிடாமல் இப்படியே பட்டறைக்குப் போகிறேன். "என்னடா இது?" என்பார்கள். கேட்கட்டும்.