உன் வகுப்பில் மறுபடியும் பின்னம்

அன்புள்ள அக்கா,

உன் வகுப்பிலிருந்து என் மாணவிகளை வெளியே எடுத்தால் உன் பிள்ளைகளுக்கு நல்லதா, கெட்டதா? பி.எட். கல்லூரியில் இத்தனை காலம் பாடம் நடத்தியும் எனக்கு விடை தெரியவில்லை. நீ இருந்திருந்தால் சட்டென்று ஒன்று சொல்லியிருப்பாய். நானும் வழக்கம்போல அதை மறுத்திருப்பேன்.

நீ கண்மூடிய பிறகு குருசுக்குப்பம் பள்ளியில் உன் இடத்துக்கு யாரையும் போடவில்லை. ஏழாம் வகுப்புக் கணக்கை, இன்டர்ன்ஷிப் வரும் என் மாணவிகளே எடுக்கிறார்கள். ஒரு குழு போனால் அடுத்த குழு. வகுப்பு நடக்கிறது என்று தலைமையாசிரியர் மேலிடத்துக்குச் சொல்லிவிடுகிறார். நடக்கிற வகுப்புக்கு எதற்கு ஆசிரியர்? பயிற்சி மாணவி பாடம் எடுக்கும்போது கூடவே ஓர் ஆசிரியர் உட்கார்ந்திருக்க வேண்டும் என்பது முறை. உட்கார யார் இருக்கிறார்கள்?

போன வாரம் நிவேதா என்ற மாணவியின் வகுப்பைப் பார்வையிடப் போனேன். பாடம், பின்னம். அதற்கென்று எங்கள் கல்லூரியில் நாலாக வெட்டிய தோசை வரைந்த சார்ட் ஒன்று உண்டு. சீனியர்கள் ஜூனியர்களிடம் கொடுத்துவிட்டுப் போவார்கள். மதிப்பெண் போட ஆள் வரும் நாளில் எல்லோரும் அதைத்தான் எடுப்பார்கள். நிவேதா சுருளைப் பிரிப்பதற்குள் பின்வரிசையிலிருந்து ஒரு குரல்.

"நாலுல ஒண்ணு மிஸ்!"

"நான் இன்னும் கேக்கவே இல்லியே?"

"அதான் கேப்பீங்க. முன்ன வந்த மிஸ்ஸும் தோசதான், அதுக்கு முன்ன வந்த மிஸ்ஸும் தோசதான். சட்னிதான் யாரும் எடுத்தாரல."

வகுப்பே சிரித்தது. முன்வரிசை அஞ்சலி மட்டும் என்னை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே நிவேதாவிடம் கிசுகிசுத்தாள். "பயப்படாதீங்க மிஸ். மேடம் கேக்கும்போது நாங்க கரெக்டா சொல்லிடுவோம்."

சொன்னார்கள். கை தூக்கி, எழுந்து நின்று, அழகாகச் சொன்னார்கள். அடுத்து வரும் சமன்பாட்டுப் பாடத்தின் பக்கம் இதுவரை யாரும் போகவில்லை. என் மாணவிகளுக்கு நல்ல மதிப்பெண் வாங்கிக் கொடுப்பது எப்படி என்பதைத்தான் உன் பிள்ளைகள் இந்த வருடம் கற்றிருக்கிறார்கள்.

நேற்று முன்தினம் தலைமையாசிரியரிடம் போய், இனி யாரையும் தனியாக வகுப்பெடுக்க விடமாட்டேன் என்றேன்.

"என்ன மேடம், இருக்கறதையும் புடுங்கறீங்க? புள்ளைங்க சும்மா ஒக்காந்திருக்கும்."

அவர் சொன்னதும் பொய்யில்லை. நிவேதாவுக்கு முகம் வாடிவிட்டது. "நான் சரியா எடுக்கலியா மேடம்?" என்று கேட்டாள்.

வாசலில் அஞ்சலியின் அம்மா நின்றிருந்தார். மீன் விற்று முடித்து, மகளை அழைத்துப் போக வந்தவர். நாளையிலிருந்து நிவேதா வரமாட்டாள், அவள் கல்லூரியில் படிக்கிற பெண் என்று விளக்கினேன்.

"அப்ப இத்தினி நாளா வந்தவங்க யாரும் டீச்சர் இல்லியா? எங்க புள்ளைங்கள வச்சிதான் நீங்க படிச்சிப் பாக்கறீங்களா?"

பிறகு அவரே சொன்னார்: "நாளைக்கு டீச்சர் கேட்டு ஆபீசுக்குப் போவோம். நீங்களும் வாங்க. நாங்க தனியா போனா வாசல்லயே நிக்க வெச்சிடுவாங்க."

வாக்குக் கொடுக்கிற பழக்கம் எனக்கில்லை, உனக்குத் தெரியும். இப்போது கொடுக்கிறேன். உன் இடத்துக்கு ஓர் ஆசிரியர் வரும்வரை அவர்களோடு போவேன். கல்லூரியில் எனக்கு என்ன பேர் வந்தாலும் சரி.

மறுநாள் நடந்ததைச் சொல்லி நிறுத்துகிறேன். கல்வி அலுவலகத்துக்குப் போனோம். அதிகாரி மீட்டிங்கில் இருந்தார். திங்கட்கிழமை வரச் சொன்னார்கள். மதியம் பள்ளிக்குத் திரும்பினால், உன் வகுப்பில் ஒரே நிறப் புடவையில் இரண்டு பெண்கள். வேறு கல்லூரியிலிருந்து வந்த பயிற்சி மாணவிகள். ஒருத்தி பிள்ளைகளின் பெயரைக் கேட்டுக்கொண்டிருந்தாள். "பாத்தீங்களா மேடம், கிளாஸ் நிக்கல" என்றார் தலைமையாசிரியர்.

அஞ்சலியின் அம்மா ஜன்னல் வழியாகக் கொஞ்ச நேரம் உள்ளே பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"திங்கக்கெழம வரீங்கல்ல?"

உன் தங்கை,
வத்சலா