இறுக்கிக் கட்டிய துணி

1954 ஜூன் 7, திங்கள்
பள்ளி திறந்தது. கரும்பலகையில் எழுதும்போது இடுப்புக்கு மேலே நடுவு கடுத்து இழுத்தது. மேசையைப் பிடித்து நின்றேன். வயது. வேறொன்றுமில்லை.

ஜூன் 10
வேறொன்றுமில்லை என்று ஏன் எழுதினேன்? கூடப்பிறந்த மீனாட்சியக்காவுக்கும் இப்படித்தான். முதலில் நடுவு வலி, பிறகு சிறுநீர் நிற்காமல் போனது, பிறகு கர்ப்பப்பையில் கட்டி. அந்த வருஷமே அவள் போய்விட்டாள்.

ஜூன் 13
என் வீட்டுக்காரருடைய தங்கை அழகியநாயகி, பிள்ளை பெற்றவளுக்குச் சுற்றுவதுபோல் பழைய வேட்டியால் என் வயிற்றை இறுக்கினாள். "மூச்சு முட்டுதா மைனி? முட்டட்டும். அப்பத்தான் நடுவு நிமிரும்." சென்னையில் ஆனர்ஸ் படித்தவளுக்கு வயிற்றில் வேட்டி! ஆனால் நிற்க முடிகிறது.

ஜூன் 24
வகுப்பில் இருமினேன். சேலை நனைந்தது. மணியடிக்கும்வரை நாற்காலியை விட்டு எழவில்லை. முதலில் நடுவு வலி, இது இரண்டாவது. அக்காவுக்கு வந்த அதே வரிசை.

ஜூன் 25
துணியை இன்னும் இறுக்கினேன்.

ஜூலை 3
தும்மினால், குனிந்தால், படியேறினால் — நிற்கவில்லை. டாக்டர்கிட்ட போய் என்னத்தைக் கேக்க? கட்டின்னு சொல்லிட்டா? வீட்டில் அவரிடமும் சொல்லவில்லை.

ஜூலை 6
துவைக்க எடுத்த சேலையைப் பார்த்து அழகியநாயகி தெரிந்துகொண்டாள். "நாளைக்கு லீவு போடுங்கோ. ஆஸ்பத்திரிக்கு நானும் வாறேன்."

ஜூலை 7
டாக்டர் இசபெல் உள்ளே கைவைத்துப் பார்க்கும்போது என் பல் கிட்டியது. "கட்டி ஒண்ணும் இல்லை டீச்சர்." நம்பவில்லை. அக்காவைப் பற்றிச் சொன்னேன். மறுபடியும் பார்த்தார். இல்லை.

வேட்டியைத் தூக்கிக் காட்டி, "இது யாரு பண்டுவம்?" என்றார். வயிற்றுத் தசையும், கீழே தொட்டில்போல் ஏந்தும் தசையும் சேர்ந்து சுருங்கித்தான் முதுகைத் தாங்குமாம். மேலே இறுக்கினால் பாரமெல்லாம் கீழே இறங்கும், அதனால்தான் ஒழுகுகிறதாம். அடைத்த பாத்திரத்தில் அழுத்தம் எல்லாப் பக்கமும் போகும் என்று வருஷாவருஷம் சொல்லிக்கொடுக்கிறவள் நான்!

மூச்சை விட்டபடி, சிறுநீரை அடக்குவதுபோல் கீழ்த்தசையை மேலே இழுக்கச் சொன்னார். அடிவயிறு தானாக உள்ளே போனது. கைவைத்துப் பார்த்த பிறகே நம்பினேன்.

ஜூலை 8
துணி இல்லாமல் வகுப்பில் நின்றேன். நடுவு பிளந்துவிடுமோ என்ற பயம். டாக்டருக்குத் தவறியிருந்தால்?

ஜூலை 30
வலி குறைவு. பயம் குறையவில்லை.

செப்டம்பர் 19
பாயில் படுத்துப் பயிற்சி செய்துகொண்டிருந்தேன். அழகியநாயகி கதவைச் சாத்திவிட்டுப் பக்கத்தில் வந்து படுத்தாள்.

"எனக்கும் உண்டு மைனி. கடைசிப் பிள்ளையைப் பெத்ததிலேருந்து. சிரிச்சா ஒழுகும்."

"ஏன் சொல்லலை?"

"நீங்க சொன்னியளா?"

மூச்சை விடச் சொன்னேன். "எதை இழுக்கணும், எங்க இழுக்கணும்?" என்று அவள் கேட்க, வெளியிலிருந்து அவர், "ரெண்டு பேரும் உள்ள என்னத்தை இழுக்குதிய?" என்றார். அழகியநாயகி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன், சத்தமாகவே. என் சேலை நனையவில்லை. அவளுடையதை நான் பார்க்கவில்லை.