ஹெல்மண்ட் வாசலில் ஒரு தேநீர்

மாமா,

இன்று வரலாற்றுப் பாடத்தில், ஆப்கானிஸ்தான் போர் நடந்த ஹெல்மண்ட் மாகாணத்தின் வரைபடம் ஒன்றைக் கையில் தந்தார்கள். அதன் ஓரத்தில் நகக்கண் அளவில் டென்மார்க் கொடி. "இவங்களும் சண்டைக்குப் போனவங்களா?" என்று பக்கத்தில் இருந்தவள் சிரித்தாள்.

நானும் ஒருமுறை உங்களிடம் கேட்டிருக்கிறேன். "அவ்வளவு சின்ன நாட்டுக்கு அங்கை என்ன வேலை, மாமா?"

"பெரியாக்கள் கூப்பிட்டவை, பிள்ளை. மாட்டம் எண்டு சொல்லப் பயம்."

ஆறு வயதில் யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாக டென்மார்க் போனவர் நீங்கள். வளர்ந்ததும் அந்த நாட்டுச் சீருடையில் ஆப்கானிஸ்தான் போனீர்கள். அம்மா அதை மன்னிக்கவேயில்லை. லண்டனுக்கு வந்த பிறகு, ஞாயிறுகளில் நோர்பரியில் எங்கள் வீட்டுக்கு வருவீர்கள். அம்மா தேநீர் நீட்டுவார். நீங்கள் வேண்டாம் என்பீர்கள்.

"ஆமிக்காரருக்கு அக்கான்ரை தேத்தண்ணி இறங்காதாம்" என்பார் அம்மா.

நீங்கள் சிரித்துக்கொண்டே குழாய்த் தண்ணீரைப் பிடித்துக் குடிப்பீர்கள்.

காரணத்தை எனக்கு மட்டும் சொன்னீர்கள். நூலகத்திலிருந்து என்னை உங்கள் வேனில் ஏற்றிவந்த ஒரு மழை நாள் அது. ஹெல்மண்டில் ஒரு வீட்டைச் சோதனையிடப் போயிருந்தீர்கள். அத்தனை வெள்ளைக்காரர் நடுவில் உங்கள் நிறத்தைப் பார்த்து, அந்த வீட்டுத் தாய் உங்களிடம்தான் தேநீரை நீட்டினாராம்.

"உபசாரம் எண்டு மற்றவை நினைச்சினம். என்ரை மகனை விட்டிடுங்கோ எண்டுதான் அதுக்கு அர்த்தம். ஊரிலை எங்கடை அம்மாவும் ஆமிக்கு அப்பிடித்தான் குடுத்தவ. குடிச்சிட்டுப் பெரியண்ணையைக் கொண்டு போனவங்கள். அவர் திரும்பி வரேல்லை."

"நீங்கள் குடிச்சனீங்களோ?"

"குடிச்சனான்." சிவப்பு விளக்கு மாறியும் நீங்கள் வண்டியை எடுக்கவில்லை. பின்னால் ஹோர்ன் அடித்தார்கள். "அந்தப் பொடியன்ரை கையைக் கட்டினதும் நான்தான். அக்காட்டைச் சொல்லிப்போடாதை."

சொல்லவில்லை. மாரடைப்பில் நீங்கள் போன பிறகும் சொல்லவில்லை.

நாளை உங்கள் ஆட்டைத் திவசம்; நீங்கள் போய் ஒரு வருடம். நான் பள்ளியால் வந்தபோது அம்மா படையலுக்குப் புதுக் கோப்பை ஒன்றைத் துடைத்துக்கொண்டிருந்தார். "உயிரோடை இருக்கேக்கை என்ரை தேத்தண்ணியைத் தொடேல்லை. நாளைக்கெண்டாலும் குடிக்கட்டும்."

அதற்கு மேல் என்னால் ஏலவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அம்மா அழவில்லை. கோப்பையை அலுமாரிக்குள் திரும்ப வைத்தார். கதவைச் சாத்திவிட்டு, "அந்தப் பொடியன் திரும்பி வந்தவனோ?" என்று கேட்டார்.

எதற்கும் நூறு கேள்வி கேட்கிற நான், மாமா, அதை மட்டும் உங்களிடம் கேட்கவில்லை. முகம் தெரியாத அந்தப் பையன் இப்போது எங்கள் வீட்டில் இரண்டு பேரின் மனதில் இருக்கிறான்.